வெந்நீரின் முறை

பெரம்பூரில் நண்பர் ஒருவர் வீட்டில் போன மாதம் ஓர் இரவு தங்க நேர்ந்தது. காலையில் குளிக்கப் போனபோது ஹீட்டர் சுவிட்சைத் தேடினேன். ‘நீ ஒண்ணும் பண்ண வேணாம். அதுவே அஞ்சரைக்கு ஆன் ஆயி ஆறு மணிக்கு ஆஃப் ஆயிடும்’ என்றார். வைஃபையில் இயங்கும் டைமர் சுவிட்ச். செல்பேசியில் நேரம் குறித்துவிட்டால் போதும். அவர் ஊரில் இல்லாவிட்டாலும் அங்கிருந்தே அணைக்கலாம். நல்ல விஷயம்தான். மறந்துபோய் நாள் முழுக்க ஹீட்டரை ஓடவிடுகிறவர்களுக்கு மின்கட்டணம் கொஞ்சம் மிச்சமாகும். அன்றே நான் பழவேற்காடு போக வேண்டியிருந்தது. சென்னைக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். பஸ்ஸில் போகும்போது ஒரு கேள்வி கூடவே வந்தது: தண்ணீரைச் சுடவைக்கிற நேரத்தை யார் குறிக்கிறார்கள்?

இதுக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சென்னையின் வெந்நீருக்கு ஒரு வரலாறு உண்டு. அது ரொம்ப நாளாகவே இந்த ஏரியின் கரையில்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது.

விறகும் நிலக்கரியும்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற நீண்ட தீவு ஸ்ரீஹரிகோட்டா. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் ராக்கெட்தான் ஞாபகம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னைக்கு அது விறகுக் காடு. காட்டில் வெட்டிய விறகு படகேறி, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாற்றப்பட்ட நீர்வழியில் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. நகரத்து வீடுகளின் வெந்நீர் அண்டாவுக்கும் பிறகு வந்த செம்பு பாய்லருக்கும் அடியில் எரிந்ததில் இந்த விறகும் உண்டு. அந்தக் காட்டில் வாழ்ந்த யானாதிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய தலை அளவு, வழக்கங்கள், அவர்கள் சேகரித்துத் தந்த தேன், மூலிகை எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. நகரத்து மனிதன் குளித்த வெந்நீர் அங்கே பதிவாகவில்லை. இனவரைவியல் என்கிற சொல்லாடல் யாரை அளக்கும், யாரை அளக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

பிறகு மின்சாரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் முடிவில் பேசின் பிரிட்ஜ், 1932இல் பைக்காரா, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று அது வளர்ந்தது. 1994 முதல் 1996 வரை அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் ஒவ்வொன்றும் 210 மெகாவாட் அளவில் இயங்கத் தொடங்கின. இது பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட நீர்நிலப் பரப்பு. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் இந்தப் பரப்பைப் பின்னிக் கிடக்கின்றன. விறகு போன அதே வழிக்குப் பக்கத்தில் இப்போது மின்கம்பி போகிறது. நகரத்தின் வெப்பம் திரும்பவும் அதே கரையிலிருந்துதான் புறப்படுகிறது. அண்டா போய் ஹீட்டர் வந்தது. புகை மட்டும் நம் வீட்டுக் கொல்லையிலிருந்து அவர்கள் வீட்டு வாசலுக்கு இடம் மாறியது.

ஒரு சின்னக் கணக்கு

இந்த இடமாற்றத்தை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 15 லிட்டர் ஹீட்டரில் 28 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டருக்குப் பதினேழு நிமிட வேலை. ஆனால் பழைய நிலக்கரி நிலையங்களில் எரிகிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. கொஞ்சம் புகைபோக்கி வழியே போகிறது. ஏறத்தாழ பாதி, நீராவியைக் குளிர்விக்கிற தண்ணீரில் இறங்குகிறது. வடசென்னை முதல் கட்டம் கடல்நீரை எடுத்து, ஒருமுறை பயன்படுத்தி, சூட்டோடு வெளியேற்றுகிற வகை. பின்னால் வந்த இரண்டாம் கட்டத்துக்குக் குளிர்விப்புக் கோபுரங்கள் உண்டு.

1998 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி 1999 ஜூனுக்குப் பின் வரும் கடலோர நிலையங்கள் வெளியேற்றும் நீர், அது சேருகிற நீர்நிலையின் வெப்பத்தை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஏற்கெனவே இருந்த நிலையங்களுக்கு 10 டிகிரி வரை இடம் தரப்பட்டது. வடசென்னை முதல் கட்டம் இரண்டாவது வகை. தேதிக்கு முன் பிறந்ததால் கிடைத்த சலுகை!

7 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். நம் வீட்டு ஹீட்டரில் 15 லிட்டர் சூடானால், மின்நிலையத்தின் வெளியேற்றுக் கால்வாயில் 90, 100 லிட்டர் தண்ணீர் 7 டிகிரி சூடாகிறது. கம்பியில் இழக்கும் மின்சாரத்தை இதில் சேர்க்கவில்லை. சென்னைக்கு வரும் மின்சாரம் எல்லாம் இந்த ஒரு நிலையத்திலிருந்து வருவதில்லை, காற்றும் சூரியனும் அணுவும் கலந்துதான் வருகிறது என்பதும் உண்மை. கணக்கு ஓர் உவமைக்குச் சமம். ஆனாலும் உவமை பொய்யில்லை. ஒவ்வொரு ஹீட்டரும் இரண்டு இடத்தில் தண்ணீரைச் சுடவைக்கிறது. குளியலறையில் இருக்கிற முதல் தண்ணீருக்கு டைமர் உண்டு. கழிமுகத்தில் இருக்கிற இரண்டாவது தண்ணீருக்கு டைமர் கிடையாது. அங்கே இருபத்துநாலு மணி நேரமும் ஆன்தான். இறாலும் மடவையும் நண்டும் இருக்கிற தண்ணீர் அது. அவற்றைப் பிடித்து வாழ்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சூடு மட்டுமல்ல, சாம்பலும் சேறும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போன வழக்குகள் சொல்லும்.

பாடு

நேரத்தைக் குறிப்பது பழவேற்காட்டு மீனவர்களுக்குப் புதிதில்லை. அவர்களிடம் அதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெயர் பாடு. ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டி மீனும் இறாலும் அதிகம் கிடைக்கிற இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இடத்தையும் நாளையும் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற ஊர்கள் தமக்குள் முறை வைத்துக்கொள்ள, ஊருக்குள் தலைக்கட்டுகள் முறை வைத்துக்கொள்கின்றன. இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு. நல்ல இடம் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வரும். கொச்சிக் காயலிலும் இலங்கையிலும் இதே பெயரில் இதே மாதிரி ஏற்பாடுகள் உண்டு.

தமிழில் பாடு என்றால் உழைப்பு, துன்பம், பங்கு, இடம் எல்லாம்தான். ‘அவன் பாட்டுக்கு இருக்கான்’ என்கிறோம், ‘உன் பாடு என் பாடு’ என்கிறோம். ஒரே சொல்லுக்குள் உழைப்பும் பங்கும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பது அந்தச் சொல்லைப் புழங்கியவர்களின் அனுபவத்தைச் சொல்லுகிறது. நவீன பொருளாதாரப் பிரதிகள் வெகுகாலம், பொதுச் சொத்து என்றால் அடித்துப் பிடித்து அழிந்தே தீரும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. பாடு அந்தக் கதையாடலுக்கு எதிராக ஏரியில் நின்றுகொண்டிருந்தது.

ஆனால் இங்கே நாம் கையைக் கட்டிக்கொண்டு பரவசப்படக் கூடாது. பாட்டில் பங்கு யாருக்கு? பட்டினவர் சாதியில் பிறந்த, கல்யாணமான ஆணுக்கு. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குப் பங்கில்லை. தலித் மீனவர்களுக்கு இல்லை. மீனைத் தலையில் சுமந்து விற்கிற பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு நாளும் இல்லை. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை கூடியபோது இந்த வேலி இன்னும் இறுகியது, மோதல்களும் நடந்தன. பாடு ஒரு சமத்துவம்தான். ஆனால் வாசலில் சாதியும் ஆண்மையும் காவலுக்கு நிற்கிற சமத்துவம். மரபு என்று சொல்லி இதைப் புனிதமாக்கினால், வெளியே நிற்கிறவர்களுக்கு நாம் இரண்டாவது முறையும் கதவைச் சாத்துகிறோம்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் பாட்டில் ஒன்று மிஞ்சுகிறது. அங்கே நேரத்தைக் குறித்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஊர்க் கூட்டத்தில் எழுந்து ‘இது என்ன நியாயம்?’ என்று கத்தலாம். வெளியே தள்ளப்பட்டவர்களுக்கும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும்.

யாருடைய கடிகாரம்?

கடிகாரம் எப்படி உழைப்பாளியின் உடம்புக்குள் இறக்கப்பட்டது என்பதை 1967இல் ஈ.பி. தாம்சன் ஒரு கட்டுரையில் விவரித்தார். வேலையை வைத்து நேரம் என்பது போய், நேரத்தை வைத்து வேலை என்று ஆன கதை அது. நம் ஊரிலும் அது நடந்தது. மதராஸ் வானாய்வகம் கணித்த நேரம்தான் ரயில்களின் நேரமாக இருந்தது. 1906இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்றானது. ஏரிக்கரையிலோ அமாவாசையும் காற்றும் நீரோட்டமும்தான் இன்றுவரை கடிகாரம். அதன் மேல் வேறு கடிகாரங்கள் வந்து உட்கார்ந்தன. 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. தீவில் இருந்தவர்கள் அதற்காக வெளியேற்றப்பட்டார்கள். ராக்கெட் கிளம்புகிற நாளில் மீனவர்கள் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுகிறது. குப்பத்தில் அன்றைய தொழில் போச்சு.

மின்சாரத்துக்கும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. தூரத்திலிருந்து வீட்டு ஹீட்டரை அணைப்பது செல்பேசி கண்டுபிடித்த வித்தை இல்லை. நியூசிலாந்தில் 1950களிலேயே மின்கம்பி வழியாகவே ஒரு சமிக்ஞையை அனுப்பி, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வீட்டு ஹீட்டர்களை மின்வாரியமே அணைத்தது. பிரிட்டனில் 1978இல் இரவில் ஏழு மணி நேரம் மலிவு மின்சாரம் என்று திட்டம் வந்தது. டைமர்கள் வீடுவீடாக நுழைந்தன. நமக்கு இந்தக் கடிகாரம் வேறு முகத்தோடு வந்தது. 2012இல் சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் நாளின் பாதி வரை. மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்று ராத்திரியில் வரப்பில் காத்திருந்த விவசாயி, செல்பேசியில் அழைத்தால் மோட்டார் ஓடுகிற கருவியை வாங்கி மாட்டினார். நண்பரின் குளியலறை சுவிட்சுக்கு அதுதான் அண்ணன். அந்த விவசாயிக்குச் சுவிட்ச் கையில் வந்தது. மின்சாரம் எப்போது வரும் என்பது கைக்கு வரவில்லை.

இனி நடக்கப்போவது இதுதான். 2023இல் மத்திய அரசு மின் நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட பிறகு, நேரத்துக்கு ஏற்ற கட்டணம். சூரிய ஒளி இருக்கிற எட்டு மணி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். விவசாயத்துக்கு மட்டும் விலக்கு. பகலில் சூரிய மின்சாரம் வழியும்போது தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டால் நிலக்கரி எரிவது குறையும், கழிமுகத்தின் சூடும் ஒருவேளை குறையும். அந்த அளவுக்கு இது நல்லதே. இயந்திரத்தைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற பழக்கம் நமக்கு வேண்டாம். ஆனால் காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவள் மத்தியானத்தில் குளிக்க முடியாது. தேக்கி வைக்கிற ஹீட்டரும் டைமரும் உள்ளவருக்கு மலிவு நேரம். வாளியில் மின்கம்பிச் சுருளைப் போட்டுச் சுடவைக்கிறவருக்கு உச்ச நேரம். குடும்பம் எத்தனை மணிக்கு எழுகிறது, எந்த நாளில் வீட்டில் இல்லை என்பதெல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கணினியில் பதிவாகிக்கொண்டிருக்கும். தர்ஸ்டன் அளக்காமல் விட்ட நகரத்து மனிதனை இப்போது அளக்கிறார்கள். அப்போதும் கால்வாயின் சூட்டை யாரும் செல்பேசித் திரையில் காட்டுவதில்லை.

முறையிடுதல்

நேரத்தையும் விலையையும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அந்த அரங்கில் ‘நுகர்வோர்’ என்றால் மீட்டர் உள்ளவர், பில் கட்டுகிறவர். மின்சாரத்தின் சூட்டைத் தண்ணீரில் வாங்கிக்கொள்கிறவர் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. பட்டினவர் பாட்டுக்கு வெளியே இருளர் நிற்கிற மாதிரி, ஆணையத்தின் பாட்டுக்கு வெளியே எல்லா மீனவரும் நிற்கிறார்கள். கட்டணம் பற்றிய அடுத்த கூட்டம் பொன்னேரியில் நடக்கட்டும் என்று கேட்பதும், வெளியேற்றுக் கால்வாயின் வெப்ப அளவைக் குப்பத்தின் சுவரில் தினமும் எழுதிப்போடு என்று கேட்பதும் இயக்கத் தோழர்கள் செய்யக்கூடிய காரியங்கள். அங்கே இருளர் பெண்ணும் எழுந்து பேச வேண்டும். இல்லையென்றால் பழைய வேலியைப் புது மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதாகத்தான் ஆகும்.

முறை என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். அடுத்து யார் என்பதும் முறை, உறவும் முறை, நியாயமும் முறை. அதிலிருந்துதான் முறையிடுதல் வந்தது. முறை வைத்த இடத்தில் முறையிடவும் இடம் இருக்க வேண்டும் என்று மொழி எதிர்பார்க்கிறது. நண்பரின் சுவிட்ச் காலை ஐந்தரைக்குச் சத்தமில்லாமல் ஆன் ஆகிறது. அதே நேரத்தில் இங்கே முகத்துவாரத்தில் இன்றைய பாட்டுக்காரர்கள் வலையோடு தண்ணீரில் இறங்கியிருப்பார்கள். அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை.