எந்தத் தெரு?

திருநின்றவூர்லேர்ந்து பேசுறேன். சில வருஷம் முன்னாடி இங்கே வாடகைக்கு வீடு தேடினப்போ, ஒரு வீட்டுக்காரர் என் வேலை, சம்பளம் எல்லாம் விசாரிச்சார். கடைசியா, "சொந்த ஊர்ல எந்தத் தெரு தம்பி?"ன்னு கேட்டார். சொன்னேன். சாவி கைக்கு வந்துது. தெருப் பேர் எதுக்குன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னிக்கு எபிசோடு, அதே கேள்விக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு சமூகவியலாளரைப் பத்தி. பேரு ஆந்த்ரே பெத்தேய். 1934-ல் சந்தன்நகரில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சுமார் 40 வருஷம் பாடம் நடத்தினார். அங்கே சேர்ந்த புதுசுல, 1961-ல், தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு ஆய்வுக்கு வந்தார். ஊர்ப் பேரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று எழுதினார்.

1965-ல் வந்த 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' புத்தகம் அந்த ஊரைப் பற்றியது. மாக்ஸ் வேபரைப் படிச்சவர் இல்லையா? அதனால மூணு கேள்வியைத் தனித்தனியா கேட்டார். யாருக்கு மரியாதை? யாருக்கு நிலம்? யார் சொன்னா ஊர்ல நடக்கும்? ஒரு காலத்தில் மூன்றுக்கும் பதில் அக்ரஹாரம்தான். அவர் போனபோது பஞ்சாயத்து அதிகாரம் பிராமணர் அல்லாதவர் கைக்கு மாறியிருந்தது. அக்ரஹாரத்து ஆட்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனா சேரியில இருந்தவங்களுக்கு? நிலமும் வரல, அதிகாரமும் வரல. அடுத்தவங்க வயல்ல கூலி வேலைதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பெத்தேய் தங்கினது அக்ரஹாரத்தில். அவங்களை மாதிரியே உடுத்தினார், அவங்க வழக்கப்படியே நடந்துக்கிட்டார். அதனால மத்த தெருக்காரங்க அவரையும் அக்ரஹாரத்து ஆளாத்தான் பார்த்தாங்க. சேரிக்குள்ள இஷ்டப்படி போய்ப் பேச முடியல. இதை அவர் மறைக்கல. ஆய்வுக்கு ஏற்பட்ட குறைன்னு அவரே எழுதி வெச்சிருக்கார்.

எனக்கு அந்தப் புத்தகத்தைவிட இந்த ஒப்புதல்தான் பெரிய பாடம். சமத்துவமின்மையை ஆராய வர்றவருக்கும் ஒரு தெரு ஒதுக்கிடுறாங்க. அங்கேர்ந்து தெரியுறதுதான் தெரியும்.

அன்னிக்குச் சாவி வாங்கின அதே வீட்டு மாடியில உட்கார்ந்துதான் இதை ரெகார்டு பண்றேன். எனக்கு முன்னாடி எத்தனை பேர் வேற தெருப் பேரைச் சொல்லிட்டுத் திரும்பிப் போனாங்களோ. நான் கேட்கவே இல்ல.