தோட்ட விபத்தும் மாநிலச் சட்டமன்றமும்: காப்புறுதி அறிக்கை விதிகளைத் திருத்துவது பற்றி

நெகிரி செம்பிலான் மாநிலத்து ரெம்பாவ் மாவட்டத்தில், பெடாஸ் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தபோது, தொழிலாளியின் வேலை மாறியதோடு அவனைச் சூழ்ந்த அபாயமும் மாறிவிட்டது. நீண்ட கோலின் நுனியிற் பூட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்தவாறே இழுத்து, கனத்த குலையைத் தன் காலடிக்கருகில் வீழ்த்துகிறவனுக்கு, முள்மட்டை முகத்தில் விழுவதும், கோல் மின்கம்பியில் உரசுவதும், குலை தோளில் இறங்குவதும் அன்றாட அபாயங்கள். இவ்விபத்துகளுக்குரிய காப்புறுதியின் கணக்கு, நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுவதோடு நில்லாமல், மாவட்டம் வாரியாகப் பிரிக்கப்பட்டுச் சிரம்பானிலுள்ள மாநிலச் சட்டமன்றத்தின் முன்னும் ஆண்டுதோறும் வைக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே 1971-இல் செயற்படத் தொடங்கிய சொக்சோ நிறுவனத்துக்கு, வேலையிடத்து விபத்துத் திட்டத்தின் பொருட்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ 1.25 சதவீதத்தை முதலாளி செலுத்துகிறார். விபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டிய கடமையும் அவருடையதே. காயமுற்றவன் வேலைக்குத் திரும்பும்வரை சராசரி நாட்சம்பளத்தில் 80 சதவீதம் பெறுகிறான். அவன் இறந்துபட்டால் சார்ந்தோர் உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் உரியதாகிறது. ஏட்டில் இவ்வளவு செம்மையான இத்திட்டம் தோட்டத்தில் தடுமாறுவதற்கு, விபத்துச் செய்தி செல்லும் வழியே காரணம். மேற்பார்வையாளரான மண்டோர் கண்டதை எழுத்தரான கிராணி எழுத வேண்டும். காயமுற்றவனோ குத்தகைக்காரனுடைய ஆள். குத்தகைக்காரன் பெயர்ப்பதிவே செய்யாதிருந்தால், தோட்டத்தை நடத்தும் முதன்மை முதலாளிக்கும் சட்டம் பொறுப்பு விதித்திருந்தும், விபத்து எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் மறைந்து போகிறது. ஆகவே, நிகழ்ந்த விபத்துகளின் தொகையைப் பார்க்கிலும், காலந்தாழ்ந்து அறிவிக்கப்பட்டவை எத்தனை, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, பதிவில்லாதோர் எத்தனை பேர் என்பவையே சட்டமியற்றுவோர் அறிய வேண்டிய விவரங்கள்.

முன்னர் இத்தகைய அறிக்கையைத் தொகுப்பதே அரிதாயிருந்தது. அந்நியத் தொழிலாளர்கள் 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின்கீழ்த் தனியார் காப்புறுதிக் கம்பெனிகளிடமும், உள்நாட்டார் சொக்சோவிடமும் என்று, ஒரே நிரையில் குலை வெட்டிய இருவரின் காயங்கள் இரு வேறு பேரேடுகளில் ஏறின. 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளரும் சொக்சோவின்கீழ் வந்துவிட்டமையால், தகவல் ஒரே இடத்தில் சேர்கிறது. பழைய தடை நீங்கிய பின்னும் அறிக்கை விதி பழையதாகவே இருப்பதற்கு நியாயமில்லை.

தொழிலும் சமூகப் பாதுகாப்பும் கூட்டரசின் அதிகாரப் பட்டியலில் அடங்கியவையாதலால், மாநிலத்துக்கு இதில் என்ன உரிமை என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஆனால் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்குரியது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்கு மாநிலத்துத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டுமென்று தேசிய நிலச் சட்டம் விதிக்கிறது. துண்டாடப்பட்டுக் கைமாறும் தோட்டத்தில் ஊனமுற்றோரும் விதவைகளும் பெற வேண்டிய தொகை நிலுவையில் நிற்கிறதா என்பதை அறியாமலே அனுமதி வழங்குவது, தன் அதிகாரத்தைக் கண்மூடிச் செலுத்துவதாகும். மாநிலம் கேட்பது ஆளும் அதிகாரமன்று, அறியும் உரிமையே.

அறிக்கையின் வலிமைக்கு மலாயாத் தமிழர் வரலாறே சான்று. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தையொட்டி மலாயாவில் நியமனம் பெற்ற இந்திய அரசாங்கப் பிரதிநிதி, கூலி விகிதத்தையும் குடியிருப்பு நிலையையும் ஆண்டறிக்கைகளில் எழுதிவந்தார். 1936-இல் இந்திய அரசாங்கம் அனுப்ப நேரில் வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை மறு ஆண்டு வெளியாயிற்று. 1938-இல் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. சாஸ்திரியாரின் முடிவுகளை அன்றே பலர் குறைகூறினர். எனினும் எழுத்தில் வந்திருந்தமையாலன்றோ அவற்றைக் குறைகூறவும் மறுக்கவும் இயன்றது!

சிறு தோட்டங்களில் எண்களைக் கொண்டே ஆளை அடையாளங் கண்டுவிடலாம் என்ற அச்சம் மதிக்கத்தக்கது. அதற்குப் பரிகாரம், தோட்டத்தின் பெயரை விடுத்து மாவட்ட அளவில் தொகுத்து, மிகச் சிறிய எண்களை மறைத்து வெளியிடுவதாகும். சட்டபூர்வ ஸ்தாபனங்களின் கணக்கையும் ஆண்டறிக்கையையும் பற்றிய 1980-ஆம் ஆண்டுச் சட்டம், மாநில ஸ்தாபனங்களின் கணக்கை மாநிலச் சட்டமன்றத்திலேயே வைக்கும் முறையை ஏற்கெனவே அறிந்துள்ளது. அம்முறையைப் பின்பற்றி, சொக்சோ மாவட்ட அறிக்கையொன்றை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்துக்கும் அனுப்ப வேண்டுமென்ற பிரிவை நாடாளுமன்றம் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ப்பதும், அவ்வறிக்கையைப் பார்வையிட்ட பின்னரே தோட்ட நில வாரியம் அனுமதி வழங்குவதும் அவசியம். அப்பொழுதுதான், பெடாஸ் மக்கள் தாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரிடம் தம் வட்டாரத்து விபத்துகளைப் பற்றிக் கேள்வி கேட்கவும், அவர் ஆதாரத்தோடு விடை கூறவும் வழி பிறக்கும்.