ஜூரோங்: சதுப்பு நிலம் தொழிற்பேட்டை ஆனது எப்படி?

தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங், ஒரு காலத்தில் சதுப்பு நிலமும் இறால் குளங்களுமா இருந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா?

வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டிய காலம். 1961இல் பணிகள் தொடங்கின. குன்றுகளை வெட்டி, அந்த மண்ணால் சதுப்பை நிரப்பினார்கள்.

1963இல் தேசிய இரும்பு, எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆனா ஆரம்பத்துல பல மனைகள் காலியாகவே கிடந்தன. அப்போதைய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் திட்டத்தை "கோவின் முட்டாள்தனம்" என்று கேலி செய்தார்கள்.

1968இல் ஜூரோங் நகரக் கழகம், அதாவது இன்றைய ஜேடிசி, அமைந்தது. ஊழியர்களுக்கு வீடுகள், கடைகள், பூங்காக்கள் வந்தன. பேட்டை நகரமானது.

இதற்கு விலையும் உண்டு. சதுப்புநிலக் காடுகள் அழிந்தன, கம்பத்துவாசிகள் இடம்பெயர்ந்தார்கள். ஜூரோங்கின் கதையில அவங்களுக்கும் இடம் இருக்கு.