அம்மன் காசும் நவராத்திரியும்: திருக்கோகர்ணத்தில் ஒரு விழா மரபின் வரலாறு

புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில், பாறையைக் குடைந்து அமைத்த கருவறையில் உறைபவர் கோகர்ணேசுவரர் எனினும், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் குலதெய்வமாகப் போற்றியது அவருடைய தேவியாகிய பிரகதாம்பாளையே ஆகும். அம்மனின் அடியவர் என்னும் பொருளில் 'பிரகதாம்பாள் தாசர்' என்பதைப் பட்டப்பெயராகவே அவர்கள் சூடிக்கொண்டதால், நாடு அவளுடையது, மன்னர் அவள் பொருட்டு ஆள்பவர் என்ற கருத்து அரசமைப்பின் அடிப்படையாயிற்று. அக்கருத்து ஆண்டுதோறும் குடிமக்களின் கைக்கு வந்து சேர்ந்த காலம் நவராத்திரி.

இவ்விழாவின் அரசச் சிறப்பை மரபுச் செய்தி 1738 ஆம் ஆண்டோடு இணைக்கிறது. மௌன விரதம் பூண்டிருந்த சதாசிவ பிரம்மேந்திரர், திருவரங்குளக் காட்டில் தம்மைக் கண்டு வணங்கிய விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு மணலில் மந்திரத்தை எழுதிக் காட்டினார் என்றும், மன்னர் அம்மணலை எடுத்துச் சென்று அரண்மனையில் வைத்து வழிபட்டதிலிருந்தே நவராத்திரி அரசவிழாச் சிறப்பைப் பெற்றது என்றும் அம்மரபு கூறுகிறது.

நவராத்திரி நாள்களில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட சிறு செப்பு நாணயமே அம்மன் காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் அம்மனும், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் பொறிக்கப்பட்ட இக்காசுகள் 20 சேர்ந்தால் ஓர் அணா. ஆகவே ஒரு ரூபாய்க்கு 320 காசுகள். அதன் மதிப்பு சிறிது. ஆனால் தெய்வத்தின் உருவம் அரசர் கொடையாக எளியவர் மடியில் முடியப்பட்டது என்பதே அதன் பெருமை. திவான் சேஷையா சாஸ்திரியின் நிர்வாகக் காலத்தில், 1889 இல், இக்காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தால் அச்சிடப்பட்டு வந்தபோதும், அம்மனின் உருவம் மாற்றப்படவில்லை. புதுக்கோட்டை அரசாட்சியைக் கொடையின் வழியே விளக்கிய நிக்கலஸ் டர்க்ஸின் 1987 ஆம் ஆண்டு நூலின் பார்வைக்கு இக்காசைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

தெய்வத்துக்கும் மன்னருக்கும் இடையிலான இத்தகைய உறவு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நைஜீரியாவின் ஒசோக்போ நகரில் யொருபா மக்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஓசுன் என்னும் ஆற்றுத் தெய்வத்துக்கு எடுக்கும் விழா, நகரை நிறுவியோர் அத்தெய்வத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் புதுப்பிப்பதாகக் கருதப்படுகிறது. 'அட்டாவோஜா' எனப்படும் அந்நகர மன்னரே இன்றும் அதன் நடுநாயகர். தெய்வம் உறையும் தோப்பு 2005 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

புதுக்கோட்டையிலோ, 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்ததும் அரசக் கொடை நின்றது. காசும் செலாவணியிலிருந்து மறைந்தது. ஆயினும் அம்மன் 'அரைக்காசு அம்மன்' என்ற பெயரோடு மக்கள் நாவில் நிலைத்தாள். காணாமற்போன பொருள் கிடைக்க அவளுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் சமஸ்தானத்தின் எல்லையைக் கடந்து தமிழகமெங்கும் பரவியிருக்கிறது. அரண்மனைச் சடங்கு தேய்ந்த பின்னரே இவ்வழிபாடு விரிந்தது என்பது ஆய்வாளர் ஊன்றி நோக்க வேண்டிய மாற்றம்.

கல்வெட்டுக்கும் குடைவரைக்கும் கிடைத்த கவனம் இவ்விழாவின் வாய்மொழி வரலாற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அம்மன் காசைப் பூசையறையில் வைத்திருக்கும் குடும்பத்தார், அது யார் கைக்கு எந்த நவராத்திரியில் எவ்வாறு வந்தது என்பதை, அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும்.