குண்டு விழுந்த ஊர் – ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு முன் ஒரு கதை

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு கடலூரில் கூடுகிறது. மொத்தம் ஒன்பது பேர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மின்வாரியக்காரர் ஒருவர், கல்வெட்டுப் படிக்கப் பழகிய தம்பி ஒருவர், மற்றவர்கள் என்னைப்போல வாத்தியார்கள். பழைய சுவர், பழைய கல், பழைய ஊர்ப்பெயர் என்றால் எங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். என் வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வெயில்ல அலையுற வேலை’.

இதுவரை மற்றவர்கள் ஊருக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். இந்த முறை என் ஊர், நான்தான் வழிகாட்டி. பள்ளிக்கு ஆய்வு வருகிறது என்று தெரிந்த வாரம் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது எனக்கு. மூன்று நாளாக நோட்டில் எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

காலையில் தேவனாம்பட்டினம், அங்கிருந்து குண்டு உப்பலவாடி, மதியம் பரங்கிப்பேட்டை, மாலையில் சிதம்பரம். இதுதான் திட்டம். ‘கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது, அப்பர் கரையேறிய இடம் இருக்கிறது, பாரதியை அடைத்து வைத்த சிறை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு உப்பலவாடியில் என்ன சார் பார்க்கப் போகிறோம்?’ என்று மின்வாரிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு ஏன் போகிறோம் என்பதற்கு ஒரு பழைய கடன் காரணம்.

பல வருடங்களுக்கு முன் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சமூக அறிவியல் பாடம், ராபர்ட் கிளைவ் வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து, ‘சார், குண்டு உப்பலவாடின்னு ஏன் சார் பேரு? அந்த ஊர்ல எல்லாரும் குண்டா இருப்பாங்களா?’ என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாடத்தைக் கவனிக்காமல் ஊர்ப்பெயரை ஆராய்ச்சி பண்ணுகிறாயா என்று அதட்டி உட்கார வைத்துவிட்டேன். அவன் கேட்டதுதான் அன்றைய பாடம் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கதை 1690ல் நடக்கிறது.

அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். அண்ணன் சம்பாஜியை மொகலாயர்கள் கொன்றுவிட்டார்கள். ஔரங்கசீப்பின் படை துரத்த, மராட்டிய நாட்டில் இருந்து இவ்வளவு தூரம் வந்து செஞ்சியில் தஞ்சம் புகுந்திருக்கிறார். கையில் பணம் இல்லை, படைக்குச் சம்பளம் வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றோரம், கடலுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கோட்டை அவர் வசம் இருந்தது. அதை விற்க முன்வந்தார். டச்சுக்காரர்களுக்கும் அதன்மேல் ஒரு கண். ஆங்கிலக் கும்பினியார் முந்திக்கொண்டார்கள். அவர்களுக்குத் துறைமுகமும் வேண்டும், இந்தப் பக்கத்து நெசவாளர்களின் துணியும் வேண்டும்.

அன்றைக்கு மதராஸ் கவர்னர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் புத்தகமும் சரக்கும் கொடுத்து, தன் பெயரை அதற்கு வாங்கிக்கொண்டாரே, அதே யேல்தான். அவர் பூர்வீகம் வேல்ஸ். வாங்கிய கோட்டைக்கு வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயரால் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயதில் இறந்துபோன அவர் மகன் பெயரும் டேவிட்தான்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை. கோட்டை மட்டும் இல்லை. கோட்டையில் இருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதற்குள் வரும் நிலமும் ஊர்களும் கும்பினிக்குச் சேரும். சர்வே நம்பர் கிடையாது, எல்லைக்கல் கிடையாது. குண்டு விழுந்த இடம்தான் எல்லை.

கும்பினிக்காரர்கள் வியாபாரிகள் இல்லையா? இருப்பதிலேயே தூரமாகச் சுடக்கூடிய பித்தளைப் பீரங்கி ஒன்றை மதராசில் இருந்து அனுப்பினார்கள். மருந்து இடித்துச் சுடுவதில் பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் இருக்கிறது, அதை நம் லாபத்துக்குக் காட்டட்டும் என்ற பொருளில் மதராசில் இருந்து யோசனையும் போனது. செப்டம்பர் மாதம் கோட்டையில் இருந்து திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமும் அதற்குள் வந்துவிட்டது, சுற்றி இருந்த கிராமங்களும் வந்துவிட்டன. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நின்றுவிட்டது. குண்டு உப்பலவாடி அப்படி வந்த பெயர்தான். குண்டு சாலை என்று ஒரு சாலையும் இங்கே இருக்கிறது. தினமும் அதில் பைக்கில் போகிறவர்களுக்கு அது எந்தக் குண்டு என்று தெரியாது. எனக்கே தெரியாதபோது அவர்களைச் சொல்லி என்ன?

வட்டம் வரைய ஒரு மையமும் ஒரு ஆரமும் வேண்டும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். இங்கே மையம் கோட்டை, ஆரம் பீரங்கிக் குண்டு. அந்த வட்டத்துக்குள் குடியிருந்த ஜனங்களை நினைத்துப் பாருங்கள். காலையில் உழப்போன ஆளுக்கு வானத்தில் ஒரு சத்தம் கேட்டிருக்கும், வயலில் புழுதி பறந்திருக்கும். அன்று பொழுது சாய்வதற்குள் அவன் வரி கட்ட வேண்டிய இடம் மாறிவிட்டது. யாரும் அவனைக் கேட்கவில்லை. பிளாசி யுத்தம், வந்தவாசி யுத்தம் என்று வருடம் வருடமாக மனப்பாடம் பண்ண வைத்தோமே, நம் மாவட்டத்தில் ஆங்கிலேய ஆட்சி எப்படி வந்தது என்பதற்கு இந்த ஒரு வயல் போதும். யுத்தம்கூட நடக்கவில்லை. பணம் கைமாறியது, பீரங்கி வெடித்தது, அவ்வளவுதான்.

அந்தக் கோட்டை பிறகு பெரிய ஆளாகிவிட்டது. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தபோது, மாறுவேடம் போட்டுத் தப்பி வந்த இளம் குமாஸ்தா கிளைவ் வந்து சேர்ந்த இடம் இதுதான். புதுச்சேரியில் இருந்து டூப்ளே மறுபடி மறுபடி முயன்றும் இதைப் பிடிக்க முடியவில்லை. 1752 வரைக்கும் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் மதராஸ் இல்லை, நம்ம தேவனாம்பட்டினம். 1756ல் கிளைவ் இந்தக் கோட்டைக்கே கவர்னராக வந்தார். வந்த சில மாதத்தில் வங்காளத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஜூனில் பிளாசி.

1758 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டுக் கோட்டையைப் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, இடித்துத் தள்ளினார். ஆக, வாங்கிய நாளில் இருந்து அறுபத்தெட்டு வருடம்தான் அதன் ஆயுள். 1761ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது அவர்கள் அங்கே இடித்துப் பழி தீர்த்துக்கொண்டது தனிக்கதை. லாலி ஊர் திரும்பி, துரோகி என்று சொந்த நாட்டாலேயே தலை வெட்டப்பட்டது இன்னொரு கதை. ஞாயிற்றுக்கிழமை நாம் பார்க்கப் போவது சில செங்கல் சுவர்களும் புதரும்தான். சில்வர் பீச்சுக்கு வருகிற கூட்டம் அந்தப் பக்கம் திரும்பாது.

கடலூர்க்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். தரையில் ஆயிரக்கணக்கில் உயிர்ச்சேதமும் காயமும். ஜூன் 20 அன்று நம் கடலுக்கு நேரே சஃப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் மோதின. அமெரிக்க சுதந்திரப் போரோடு ஒட்டி நடந்த சண்டைகளில் கடைசிச் சண்டை இந்தக் கடலூர்ச் சண்டைதான். இதில் கொடுமை என்னவென்றால், இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரி மாதமே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. தபால் துறை நண்பரிடம் இதைச் சொன்னேன். ‘அந்தக் காலத்தில் நான் வேலையில் இல்லை சார்’ என்றார்.

இனி சிதம்பரம். குழுவில் எனக்கு ‘திருநாளைப்போவார்’ என்று பட்டப்பெயர். சிதம்பரம் போவோம், அடுத்த மாதம் போவோம் என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்தது. சிரித்துக்கொள்கிறேன், ஆனாலும் அந்தப் பெயர் எனக்குத் தகாது. நந்தனார் பிறந்த ஆதனூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் நாளைப் போவேன் என்று சொல்ல நேர்ந்தது சாதி போட்ட தடையால். நான் சொன்னது முழங்கால் வலியாலும் சோம்பலாலும்.

எல்லோரும் நடராஜரைப் பலமுறை தரிசித்தவர்கள்தான். இந்த முறை உள்ளே போகும் முன் வெளி மதிலைச் சுற்றி நடக்கப் போகிறோம். சுமார் 40 ஏக்கர் வளாகம். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலை யாரும் கோயிலாக மட்டும் விட்டு வைக்கவில்லை. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலி என்று மாறி மாறிக் கோட்டையாகப் பயன்படுத்தினார்கள். 1781 ஜூனில் சர் அயர் கூட் இதைத் தாக்கினார். வந்தவாசியில் லாலியைத் தோற்கடித்தவர் அவர், லேசுப்பட்ட ஆள் இல்லை. உள்ளே இருந்த ஹைதரின் வீரர்கள் அவரை அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். கடலூர் போகும் வழியை ஹைதர் பல மடங்கு பெரிய படையோடு மறித்தார். ஜூலை 1 அன்று நடந்த சண்டையில் கூட் ஜெயித்தார் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு வாரம் முன்னால் சிதம்பரத்தில் தோற்றது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அதனால்தான் பரங்கிப்பேட்டையில் இறங்கி ஒரு டீயாவது குடித்துவிட்டுச் சிதம்பரம் போகலாம் என்றேன்.

நடராஜரே ஒருமுறை ஊரை விட்டுப் போயிருக்கிறார். படையெடுப்புக்குப் பயந்து 1648ல் மூர்த்தியை எடுத்துக்கொண்டு போய், குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்திருந்து, 1686ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய முப்பத்தெட்டு வருடம். அதாவது சுவாமி தில்லைக்குத் திரும்பிய நாலாம் வருடம் உப்பலவாடியில் குண்டு விழுகிறது. இந்த இரண்டையும் பார்த்த கிழவர் ஒருவராவது இந்த வட்டாரத்தில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

யுத்தத்துக்கென்றே கட்டிய தேவனாம்பட்டினம் கோட்டை புதராகிவிட்டது. ஆடலுக்கென்று கட்டிய இடம், இத்தனை படைகள் வந்து தங்கி அடித்துக்கொண்டு போன பிறகும் நிற்கிறது. கோபுர வாசலில் நூற்றெட்டுக் கரணச் சிற்பங்களும் இருக்கின்றன. கல்வெட்டுத் தம்பி அவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நூற்றெட்டையும் நின்று கேட்க என் முழங்கால் சம்மதிக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கு: காலை ஆறு மணிக்குத் தேவனாம்பட்டினம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கோட்டையில் இருந்து குண்டு உப்பலவாடி வரை நடந்தே போகிறோம். செல்போனில் தூரத்தை அளக்கும் பொறுப்பு மின்வாரிய நண்பருக்கு. பீரங்கிக்காரன் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினான் என்று நமக்குத் தெரிய வேண்டும். முடியாதவர்களுக்கு ஒரு ஆட்டோ கூடவே வரும்.

அந்த ஆட்டோ ஓட்டி வருவது அன்று கடைசி பெஞ்சில் எழுந்து நின்ற பையன். இப்போது அவனுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். போன வாரம் கடைத்தெருவில் பார்த்து, ‘ஞாயிற்றுக்கிழமை சவாரி இருக்குப்பா, உப்பலவாடி’ என்றேன். ‘அங்க என்ன சார் இருக்கு?’ என்றான். வா, சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் முகநூலில் இல்லை, ஆகவே யாரும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட வேண்டாம்.