சவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கம், சென்னை

சவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கம் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில், பெரியமேடு பகுதியில் அமைந்துள்ள பல்நோக்கு விளையாட்டரங்கம் ஆகும். இது நேரு விளையாட்டரங்க வளாகத்தின் ஒரு பகுதியாகும். ரிப்பன் மாளிகையும் சென்னை மத்திய தொடருந்து நிலையமும் இதன் அருகில் உள்ளன. ஏறத்தாழ 8,000 பேர் அமரக்கூடிய இவ்வரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது.

வரலாறு

இவ்வளாகம் முன்னர் மாநகராட்சி விளையாட்டரங்கம் என அறியப்பட்டது. 1956 முதல் 1965 வரை சென்னையின் தேர்வுத் துடுப்பாட்டப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. 1956 சனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட், பங்கச் ராய் இருவரும் முதல் இலக்குக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தனர். இவ்வுலக சாதனை 2008 வரை நிலைத்திருந்தது. 1967-இல் தேர்வுப் போட்டிகள் சேப்பாக்கத்துக்குத் திரும்பின.

வெளியரங்கம் 1993-இல் புதிதாக எழுப்பப்பட்டது. 1995 திசம்பரில் ஏழாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடைபெற்றன. அதையொட்டியே உள்ளரங்கமும் உருவானது.

அமைப்பும் பயன்பாடும்

ஒரே தளத்தை வெவ்வேறு ஆட்டங்களுக்கு மாற்றிப் பயன்படுத்துவதே பல்நோக்கு அரங்கின் இயல்பு. கூடைப்பந்தாட்டக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. கைப்பந்தாட்டக் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. பந்து உயர எழும் கைப்பந்தாட்டத்திற்குக் கூரையின் உயரம் முக்கியமானது. மேசைப்பந்தாட்டத்திற்குக் காற்றோட்டம் பந்தின் போக்கை மாற்றாதிருத்தல் வேண்டும். கபடிக்குத் தளத்தின் மேல் மெத்தை விரிக்கப்படுகிறது.

முக்கிய நிகழ்வுகள்

* 2009: ஆசிய மகளிர் கூடைப்பந்தாட்டப் போட்டி. சீனா வாகை சூடியது.
* 2017: புரோ கபடி போட்டியின் ஐந்தாம் பருவ இறுதியாட்டம். அக்டோபர் 28 அன்று பாட்னா அணி குசராத்து அணியை 55-38 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. தமிழ் தலைவாசு அணி அறிமுகமான பருவமும் இதுவே.
* 2022: 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா (சூலை 28), நிறைவு விழா (ஆகத்து 9). ஆட்டங்கள் மாமல்லபுரத்தில் நடைபெற்றன.

பொன்னியின் செல்வன் (2022), செயிலர் (2023) ஆகிய திரைப்படங்களின் இசை வெளியீட்டு விழாக்களும் இங்கு நடைபெற்றன. இத்தகைய விழாக்கள் அரங்கிற்கு வருவாய் தருபவை. எனினும் மேடை அமைக்கும் நாட்களில் ஆடுகளம் வீரர்களுக்குக் கிடைப்பதில்லை.

தென்மாவட்டங்களும் உள்ளரங்க ஆட்டமும்

தூத்துக்குடி மாவட்டத்தின் சிற்றூர்களில் கபடி மண் களத்தில் வளர்ந்த ஆட்டமாகும். அம்மாவட்டத்தின் மணத்தி ஊரைச் சேர்ந்த கணேசன், 1994-இல் இரோசிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். 1995-ஆம் ஆண்டிற்கான அருச்சுனா விருதையும் பெற்றார். இன்று உயர்நிலைப் போட்டிகள் கூரையின் கீழ், மெத்தையின் மீது, காலணி அணிந்து ஆடப்படுகின்றன. வெறுங்காலுடன் மண்ணில் பழகியவரின் கால்பிடிப்பும் திரும்பும் வேகமும் மெத்தையில் மாறுபடும். எனவே, சிற்றூர் வீரர் ஒருவர் மாநில அணியை எட்டுவதற்குத் திறமையுடன், மெத்தையில் பயிலும் வாய்ப்பும் தேவையாகிறது. தலைநகரில் ஒரு பேரரங்கம் இருப்பதனால் மட்டும் இத்தேவை நிறைவுறுவதில்லை. மாவட்டந்தோறும் சிறிய உள்ளரங்கங்கள் தேவைப்படுவதன் காரணம் இதுவே.