தூத்துக்குடி, வேம்பார்த் தீவுகள்: உயிரின ஆய்வும் பாதுகாப்பும்

தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரிலிருந்து கிழக்கே போனால் கரிசல் காடு உப்பளத்தில் போய் முடியும், உப்பளம் கடலில் முடியும். வைப்பாறு, சிப்பிகுளம், பெரியசாமிபுரம், வேம்பார், தருவைகுளம் ஆகியவை இந்தக் கரையோரத்து ஊர்கள். கரைக்கு அப்பால் மன்னார் வளைகுடாவில் ஏழு சிறு தீவுகள் உண்டு. நல்லதண்ணி, புலுவினிச்சல்லி, உப்புத்தண்ணி மூன்றும் வேம்பார்க் குழுவைச் சேர்ந்தவை. காரைச்சல்லி (கரியாச்சல்லி என்றும் எழுதுவர்), விலாங்குச்சல்லி, காசுவாரி, வான் நான்கும் தூத்துக்குடிக் குழு. வடக்கே கீழக்கரைக் குழுவில் ஏழு, மண்டபம் குழுவில் ஏழு என்று சேர்த்தால் மொத்தம் 21. அவற்றில் கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் குழுவின் விலாங்குச்சல்லியும் இன்று நீருக்கு அடியில் கிடக்கின்றன.

இவை பவளப்பாறை மேட்டின்மீது அலை ஒதுக்கிய மணலும் பவளத் துண்டுகளும் சேர்ந்து உண்டான தாழ்வான திட்டுகள். மனிதக் குடியிருப்பு இல்லை. அருகிவரும் உயிரினங்களுக்காகப் பேசப்படும் இத்தீவுகளில், கரையேறி முட்டையிடும் ஆமைகளையும் பறவைகளையும் விட்டுவிட்டால், அந்த உயிர்களில் பெரும்பாலானவை தரையில் இல்லை. தீவைச் சுற்றிய ஆழமற்ற நீரில்தான் இருக்கின்றன. கல்பவளங்கள், கடல்தாழை, கடல் அட்டை, கடற்குதிரை, பேராமை, அழுங்காமை, எல்லாவற்றுக்கும் மேலாக மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடல் பசு. தீவை அளந்து காத்தால் போதும் என்று நினைத்தவர்கள் பலமுறை ஏமாந்ததற்குக் காரணம் இதுவே.

தொடக்க கால ஆய்வு

இக்கடலை ஆராய்ந்த முதல் கண் வணிகக் கண். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1880களின் இறுதியில் இராமேசுவரம் பக்கம் வந்து சேகரிப்பு நடத்தினார். 1894இல் அவர் வெளியிட்ட நூல் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றியது. அவருக்குப் பின் ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறையின் சார்பில் முத்துப் பார்களையும் சங்கையும் ஆராய்ந்தார். எந்தப் பாரில் எந்த ஆண்டு சிப்பி விளையும், அரசுக்கு எவ்வளவு வரும் என்பதே அன்றைய கேள்வி. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் பார்கள் விளையவில்லை.

வருமானக் கணக்கை ஒதுக்கிவைத்து ஒரு தீவின் உயிர்களை முழுமையாகப் பட்டியலிடும் முயற்சி மண்டபம் குழுவின் குருசடைத் தீவில்தான் தொடங்கியது. கிரேவ்லி தலைமையில் சென்னை அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட குருசடைத் தீவின் கரையோர உயிரினத் தொகுப்பு இன்றைக்கும் ஒப்பீட்டுக்கு எடுக்கப்படுகிறது. தூத்துக்குடி, வேம்பார்த் தீவுகளுக்கு அப்படியொரு பழைய பட்டியல் வாய்க்கவில்லை. இங்கே என்ன இழந்தோம் என்று சொல்வது கடினமாயிருப்பது இதனால்தான்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் நிறுவப்பட்டு மண்டபத்தில் இயங்கத் தொடங்கிய பின் வேலை சூடுபிடித்தது. சி. எஸ். கோபிநாத பிள்ளை பவளங்களை வகைப்படுத்தினார். எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் இருவரும் 1960களில் மூச்சுக்கருவியுடன் மூழ்கித் தூத்துக்குடிப் பார்களை நேரில் பார்த்து எழுதினர். அதுவரை குளியாட்கள் மேலே வந்து சொன்னதைக் கேட்டு எழுதியதே அதிகம். மண்டபத்தில் 1959 முதல் சில ஆண்டுகள் கடல் பசுக்களைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தார்கள். 1975இல் கடல் பசுவைப் பற்றித் தனி வெளியீடே வந்தது.

முருகைக்கல்லும் காளவாயும்

பவளப்பாறைகளுக்கான முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 1969 சனவரியில் மண்டபத்தில் நடைபெற்றது. உலக அறிஞர்கள் அங்கே கூடிப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, தெற்கே தூத்துக்குடிக் கரைக்கு வள்ளம் வள்ளமாக முருகைக்கல் என்னும் பவளக்கல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாரிலிருந்து கடப்பாறையால் பெயர்த்த கல் கரையில் காய்ந்து சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். கட்டடச் சுண்ணாம்பு, கார்பைடு போன்ற தொழில்களுக்கான மூலப்பொருள் என்று அதற்கு எந்நாளும் தேவை இருந்தது. மகாதேவனும் நாயரும் இந்தக் கல்லெடுப்பை அக்கருத்தரங்கின் 1972ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே பதிவு செய்துவிட்டார்கள். விஞ்ஞானம் சொல்லவில்லை என்று யாரும் பழி போட முடியாது. சொன்னது ஏட்டில் இருந்தது, கல் லாரியில் போனது.

கல்லெடுத்தவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல இயலாது. மானாவாரியாக உளுந்தும் கம்பும் மிளகாயும் விளையும் இந்த வட்டாரத்தில் மழை பொய்த்தால் கூலி கிடையாது. மீன்பாடு குறைந்த நாளில் கடற்கரை ஊர்களுக்கும் அதே நிலை. கல் மட்டும் எல்லா நாளும் விலைபோனது.

பாறை போனதும் தீவுக்கு அரண் போய்விடுகிறது. பாறையில் மோதி உடைய வேண்டிய அலை நேரே வந்து மணலை அரிக்கும். விலாங்குச்சல்லி மூழ்கியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முதன்மைக் காரணம் இந்தக் கல்லெடுப்பு. கடல்மட்ட உயர்வு அதற்குத் துணைபோனது. காரைச்சல்லி 1969இல் ஏறத்தாழ 21 ஹெக்டேர் இருந்தது. 2018இல் 6 ஹெக்டேர். 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2014 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, நடுவே அறுபட்டு இரண்டாகவும் பிளந்தது.

சட்டம்

21 தீவுகளையும் உள்ளடக்கி, இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாகத் தமிழ்நாடு அரசு 1986இல் அறிவித்தது. தெற்காசியாவில் இத்தகைய பகுதிகளுள் முன்னோடிகளில் ஒன்று இது. எல்லை ஆழத்தைக் கொண்டு வகுக்கப்பட்டது: கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் (ஃபேதம்), கடற்பக்கம் ஐந்து பாகம். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு கல்பவளங்களும் கடல் அட்டைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் பசு 1972இலிருந்தே அச்சட்டத்தில் உள்ளது.

அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி விழுந்தது. பூங்கா வந்தபின்னும் கல்லெடுப்பு தொடர்ந்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது பாறை இருந்த இடங்கள் தப்பியதைக் கண்ணால் கண்ட பிறகே அது ஓய்ந்தது. கடல் அட்டைத் தடை வேறு கதை. இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கலாம், இங்கே எடுத்தால் சிறை. வேம்பார், தருவைகுளம் கரைகளில் அட்டைக் கடத்தல் வழக்குகள் அடிக்கடி வருகின்றன. தடையைத் தளர்த்தக் குளியாட்கள் தொடர்ந்து கேட்கிறார்கள், இருப்பு மீளும்வரை கூடாது என்று வனத்துறை மறுக்கிறது.

பாசி எடுக்கும் பெண்களின் அனுபவம் தனியே சொல்லத் தக்கது. மண்டபம், கீழக்கரைப் பக்கத் தீவுகளில் மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் தலைமுறைகளாகச் சேகரித்தவர்கள் பூங்கா எல்லையால் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்கள் போராடியதோடு, எடுக்கும் நாள்களைத் தாமே குறைத்துக்கொண்டார்கள். பாறையைச் சுரண்டும் கருவியை விட்டுக் கையில் துணி சுற்றிப் பறித்தார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு, தீவுச் சூழலைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது.

மீட்பு முயற்சிகள்

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் 21 தீவுகளையும் சுற்றி 2003 முதல் 2005 வரை நீரடி அளவெடுப்பு நடத்தியது. அந்நிலையத்தின் ஜே. கே. பேட்டர்சன் எட்வர்டும் குழுவினரும் பதிந்த பவள இனங்கள் 117. பவளம் நடும் முறை பார்வைக்கு எளிது. நல்ல பாறையிலிருந்து விரல் நீளக் கிளையை ஒடித்து, சிமெண்டுப் பலகையில் நூலால் கட்டி, கடலடியில் வைத்த சட்டத்தின்மேல் பொருத்துவார்கள். சில மாதங்களில் பவளம் நூலை மூடிப் பலகையைப் பற்றிக்கொள்ளும். கிளைப்பவளம் விரைந்து வளரும். பாறைபோல் திரளும் இனங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால் அவற்றை இப்படி மீட்க நெடுங்காலம் ஆகும்.

வான் தீவுக்கு அவசர வைத்தியம் தேவைப்பட்டது. 2015இன் இறுதி தொடங்கி, அடி அகன்று தலை குறுகிய, உள்ளீடற்ற, துளையிட்ட கான்கிரீட் கூடுகள் அலை வரும் பக்கத்தில் வரிசையாக இறக்கப்பட்டன. சென்னை ஐஐடி வடிவமைப்பில் துணைநின்றது. நடுவண் அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதி கிடைத்தது. துளை வழியே நீர் போகும், அலையின் வேகம் குறையும், மணல் படியும். அரிப்பு நின்று தீவின் பரப்பு ஓரளவு கூடியது. கூடுகளின்மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டத் தொடங்கின, மீனும் சேர்ந்தது.

இதற்கிடையே கடல் சூடேறியது. 1998, 2010, 2016 கோடைகளில் பவளம் வெளுத்தது. 2016இல் மட்டும் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாக விழுந்தது. கல்லெடுப்பைக் காவல் போட்டு நிறுத்தலாம். வெப்பத்துக்குப் பூங்கா எல்லை தெரியாது.

கடல் பசுவின் நிலை

நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ கடல்தாழை மேயும் கடல் பசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்று ஈனும். ஆகவே வலையில் சிக்கிச் சாகும் ஒவ்வொன்றும் பெரிய இழப்பு. இதன் குடும்பத்தைச் சேர்ந்த வடபசிபிக் கடல் பசு, 1741இல் அறிவியலாரின் கண்ணில் பட்டு 27 ஆண்டுக்குள் அற்றுப்போனது. இந்தியக் கடல்களில் கடல் பசுக்கள் 200 அளவில்தான் இருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல் பசுக் காப்பகமாக அறிவித்தது. இது நாட்டின் முதல் காப்பகம். வலையை அறுத்துக் கடல் பசுவை விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை பாராட்டும் பணமும் வழங்குகிறது. கடல்தாழையைப் புரட்டிப்போடும் இழுவைமடிக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு வேண்டும்.

காரைச்சல்லி

வான் தீவுக்கு அடுத்து மீட்புப் பட்டியலில் இருப்பது சிப்பிகுளத்துக்கு எதிர்க்கடலில் உள்ள காரைச்சல்லி. உலக வங்கியின் துணையோடு தமிழ்நாடு அரசு நடத்தும் கடற்கரை மீட்புத் திட்டத்தின் கீழ், வான் தீவில் பயன்பட்ட அதே வகைக் கூடுகளை இங்கும் இறக்கவும் கடல்தாழை நடவும் முடிவாகியுள்ளது. திட்டத்தின் வெற்றியைத் தீவின் ஹெக்டேர் கணக்கில் மட்டும் அளந்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். கூடுகளில் பவளம் உயிரோடு நிற்கிறதா, தாழைப் படுகை விரிகிறதா என்பதை ஆண்டுதோறும் மூழ்கிப் பார்த்துச் சிப்பிகுளம், வைப்பாறு மீனவருக்கும் அந்தக் கணக்கை அரசு சொல்ல வேண்டும்.